அம்மாவுக்கு முதல் கீமோ முடிந்து ஐந்தாம் நாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை (மும்பை)

செம்பூர் மகள் · ஜூலை 2, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. என் அம்மாவுக்கு 61 வயது. மார்பில் கட்டி என்று மே மாதம் தெரிந்தது. திருநெல்வேலியில் பயாப்ஸி எடுத்தார்கள், கேன்சர் என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கே அப்பாவையும் அம்மாவையும் செம்பூருக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏசி என்கிறார்களே, அட்ரியாமைசினும் சைக்ளோபாஸ்பமைடும், அது மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் நாலு. அது முடிந்ததும் பாக்லிடாக்ஸல் வாராவாரம் பன்னிரண்டு.

முதலாவது கீமோ ஜூன் 28. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தார், ராத்திரி மூன்று இட்லி சாப்பிட்டார், இவ்வளவுதானா என்று நானும் நினைத்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். எங்களுடையது ஒரு பெட்ரூம் வீடு, அடுப்படியில் என்ன செய்தாலும் வீடு முழுக்க அடிக்கும். காலையிலிருந்து ராத்திரி வரை சாப்பிடும்மா சாப்பிடும்மா என்று நான் பின்னாலேயே அலைகிறேன். இன்று மத்தியானம் கத்திவிட்டேன். "ஏட்டி, என்னால முடியலட்டி, என்னையக் கொஞ்ச நேரம் சும்மா வுடு" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊரில் நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்துப் போட்டவர் என் அம்மா.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். மாத்திரைகளில் ஓலன்ஸாபின் என்று ராத்திரிக்கு ஒன்று இருக்கிறது. நெட்டில் பார்த்தால் மனநோய்க்குக் கொடுப்பது என்று போட்டிருக்கிறது. பயந்துபோய் நான் அதைக் கொடுக்கவே இல்லை. தப்புச் செய்துவிட்டேனா?

அப்பா ஒன்றும் பேசுவதில்லை. பால்கனியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டேகேர் சிஸ்டர் · ஜூலை 2, இரவு 11.25

நான் கீமோ டேகேரில் (பகலில் வந்து கீமோ ஏற்றிக்கொண்டு போகிற பிரிவு) பதினோரு வருடமாக நர்ஸ், சொந்த ஊர் நாகர்கோவில். முதலில் அந்த மாத்திரை. வாந்தி உணர்வை அடக்குவதில் ஓலன்ஸாபின் நல்ல மருந்து, உலகம் முழுக்கக் கீமோவுக்கு அதைக் கொடுக்கிறார்கள். மனநோய்க்கும் கொடுப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் அம்மாவுக்கு எழுதியிருப்பது குமட்டலுக்காகத்தான், சின்ன அளவாகத்தான் இருக்கும். தூக்கம் வரும், காலையில் எழும்போது கொஞ்சம் தள்ளாடலாம், அதனால் ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாக விடாதீர்கள். நாளைக் காலை டேகேருக்கு போன் போட்டு "இத்தனை நாள் கொடுக்கவில்லை, இப்போது தொடங்கலாமா" என்று கேளுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். மாத்திரை கொடுத்தும் வாந்தி நிற்கவில்லை என்று டாக்டர் நினைத்துக்கொண்டால் அடுத்த தடவை தேவையில்லாமல் வேறு மருந்து ஏறும்.

வாந்தியைத் தடுக்கிற ஏப்ரிபிடன்ட் காப்ஸ்யூல் மூன்று நாளைக்கு மூன்று கொடுத்திருப்பார்கள், அது முடிந்ததா? ஓண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை போய்க்கொண்டிருந்தால் மலச்சிக்கல் வரும். வயிறு போகாமல் இருந்தாலும் சாப்பாடு இறங்காது, குமட்டும். அம்மா கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். இரண்டு நாள் போகவில்லை என்றால் சிரப் எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் எவ்வளவு போகிறது? சாப்பாட்டை விட எனக்கு அதுதான் கவலை. தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி வருகிறது, ஒண்ணுக்கு மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் உடனே கூட்டிப் போய்விடுங்கள், டிரிப்ஸ் தேவைப்படலாம்.

செம்பூர் மகள் · ஜூலை 2, இரவு 11.40

தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போகிறது சிஸ்டர், மோரும் குடித்தார். வயிறு மூன்று நாளாகப் போகவில்லையாம், இப்போது கேட்ட பிறகுதான் சொல்கிறார். எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. முதல் நாள் ராத்திரி ஒண்ணுக்குச் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று அழுதார். மருந்தின் நிறம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம், இந்தியில் சொன்னதால் அவருக்கும் அப்பாவுக்கும் புரியவில்லை.

டோம்பிவலி அக்கா · ஜூலை 3, காலை 6.10

கண்ணு, நான் இதே ஏசி நாலும் டாக்ஸல் பன்னிரண்டும் எடுத்து முடித்து நாலு வருடம் ஆகிறது. உன் அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பசிக்காது என்பதில்லை. பசிக்கும். ஆனால் வாய்க்குள் சோறு போனதும் அது சோறாக இருக்காது. எனக்கு எல்லாமே துருப்பிடித்த ஆணியை நக்கினது மாதிரி இருந்தது. எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டி எதுவும் ஆகவில்லை. என் மருமகள் கண்ணாடி டம்ளரும் பீங்கான் தட்டும் மரக்கரண்டியும் வாங்கி வந்து வைத்தாள், பாதிக் கஷ்டம் அதோடு குறைந்தது. அப்புறம் சூடு. சூடாக இருந்தால்தானே வாசனை எழும்பும்? இட்லியை ஆறவைத்துக் கொடு. ரசத்தை வெதுவெதுப்பாக, தாளிக்காமல், மிளகைக் குறைத்து. ஆறின மோர் சாதம், வீட்டில் அன்றைக்குப் புதிதாகத் தோய்த்த தயிரில். நார்த்தங்காய் ஒரு துண்டு நாக்கில் வைத்தால் எச்சில் ஊறும், வாயில் புண் வந்துவிட்டால் அதைத் தொடக்கூடாது. சத்துமாவுக் கஞ்சியைச் சின்னக் கண்ணாடி கிளாஸில், அரை கிளாஸ் மட்டும். பெரிய தட்டு நிறைய வைத்துக்கொண்டு வந்து நின்றால் பார்த்ததுமே வயிறு மூடிக்கொள்ளும்.

சமையலை அம்மா கீழே காற்றாட நடக்கப் போகிற நேரத்தில் முடித்துவிடு. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேள். என் எதிர் வீட்டு மராட்டி அம்மா ஐந்து மாதம் எங்களுக்குத் தாளித்துக் கொடுத்தார், அவருக்கு என் பெயர்கூட அப்போது சரியாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று. "சாப்பிட்டியா" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்காதே. எனக்கு என் வீட்டுக்காரர் அதைக் கேட்கும்போதெல்லாம் பரீட்சையில் தோற்றுப்போன பிள்ளை மாதிரி இருக்கும். பக்கத்தில் வைத்துவிட்டு வேறு ஏதாவது பேசு. ஊர்க்கதை பேசு.

மாட்டுங்காக்காரன் · ஜூலை 3, காலை 8.30

டோம்பிவலி அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தவன், அதனால் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த பால்கனி எனக்குத் தெரியும். எனக்கு அது மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரே ஒரு டீக்கடை பெஞ்சு. வீட்டில் இருக்க முடியாது, இல்லாமலும் இருக்க முடியாது. சமைக்கத் தெரியாது, நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கூச்சம். முப்பது வருடம் குடும்பம் நடத்தின பிறகு என்ன கூச்சம் என்று கேட்பீர்கள், ஆனால் இருந்தது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பெயருக்கு ஒரு வேலை என்றால் அவருக்கே தெரிந்துவிடும், அவர் இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலையாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது நோட்டு. கீமோ ஏறுகிற நாள் ஒன்றாம் நாள். தினம் காலையும் சாயங்காலமும் காய்ச்சல் பார்த்து எழுதுவது, என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை வாந்தி, வயிறு போனதா, தூங்கினாளா, வாய் எப்படி இருக்கிறது. முதல் சைக்கிளில், அதாவது முதல் கீமோச் சுற்றில், அது வெறும் எழுத்துதான். இரண்டாவதில்தான் அதன் அருமை தெரிந்தது. நாலாம் ஐந்தாம் நாள் அவள் காரணமில்லாமல் அழுவாள், எதுவும் வேண்டாம், ஊருக்குப் போய்விடுகிறேன் என்பாள். நோட்டைப் பார்த்தால் போன தடவையும் அதே நாள். கீமோவோடு கொடுக்கிற டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மூன்றாம் நாளோடு நிற்கிறது, அது நின்றதும் உடம்பும் மனசும் தொப்பென்று கீழே விழுகிறது என்று டாக்டர் விளக்கினார். அதன் பிறகு நாலாம் நாள் வந்தால் நாங்கள் இருவருமே தயாராக இருப்போம். நாளை மறுநாள் தேறிவிடுவாய் என்று நான் நோட்டைக் காட்டிச் சொல்வேன், வெறும் வாயால் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

நீங்கள் கத்தினது ஐந்தாம் நாள். அதையும் எழுதி வையுங்கள். அடுத்த சைக்கிளில் அந்த நாளில் நீங்கள் லீவு போட வேண்டியிருக்கும், அல்லது வேறு யாராவது துணைக்கு வர வேண்டியிருக்கும்.

டேகேர் சிஸ்டர் · ஜூலை 3, மதியம் 2.15

நோட்டு பற்றிச் சார் எழுதியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். அதில் ஒரு பக்கத்தை இப்போதே சிவப்பு மையால் கட்டம் போட்டு வையுங்கள்: ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகிற நாட்கள் அவை. அப்போது ஒரு சாதாரணக் கிருமியைக்கூட உடம்பால் எதிர்க்க முடியாது. காய்ச்சல் 100.4 தொட்டால், அதாவது 38 டிகிரி செல்சியஸ், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். முதலில் டோலோ கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலையைச் செய்துகொண்டே இருக்கும். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் சரி, கிளம்புங்கள்.

வாசலில் ஒரு பை தயாராக இருக்கட்டும். ஃபைல், கீமோ சம்மரி ஜெராக்ஸ், மாத்திரைப் பட்டியல், ஆதார், கொஞ்சம் பணம், போன் சார்ஜர், ஒரு போர்வை.

வாய்க்கு: கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள், புண் வருவதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ் போதும். வெளியில் வெட்டிவைத்த பழம், ரோட்டு ஜூஸ், பச்சைச் சட்னி, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் 48 மணி நேரம் வாந்தியையோ ஒண்ணுக்கையோ சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கழிவறை மூடியை மூடிவிட்டு இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள். அம்மாவைத் தொடுவதற்கோ கட்டிப்பிடிப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், பேரப்பிள்ளைகளை ஆறு மாதம் கிட்டவே விடாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

முலுண்ட் வாசி · ஜூலை 3, மாலை 7.00

சகோதரி, உங்கள் அம்மா நலம் பெற வேண்டிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் கீமோவின்போது சீந்தில் கொடிக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் தினம் குடித்தார், அணுக்கள் குறையவே இல்லை என்கிறார். நம் முன்னோர் சொன்னதில் பொருள் இல்லாமல் இருக்காது. முயன்று பார்க்கலாமே.

டேகேர் சிஸ்டர் · ஜூலை 3, இரவு 9.20

அண்ணா, உங்கள் நல்ல மனசு புரிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கீமோ நடக்கிற மாதங்களில் இது வேண்டாம். இந்த மருந்துகளைக் கரைத்து வெளியே அனுப்புகிற வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினால் எது எதனால் வந்தது என்று டாக்டருக்கே தெரியாமல் போகும். கோவிட் சமயத்தில் இதே மும்பையில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்தவர்களைப் பற்றி இங்குள்ள டாக்டர்கள் 2021இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ரசத்தில் போடுகிற மஞ்சள், மிளகு, சீரகம், இஞ்சி எல்லாம் சாப்பாடு, அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. சாறு, பொடி, காப்ஸ்யூல் என்று மருந்து அளவில் போனால் டாக்டரிடம் கேட்காமல் கூடாது.

முலுண்ட் வாசி · ஜூலை 3, இரவு 9.45

புரிந்தது சிஸ்டர். நான் சொன்னதை யாரும் பின்பற்ற வேண்டாம். அம்மாவுக்கு எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள், எனக்குக் கார் இருக்கிறது.

செம்பூர் மகள் · ஜூலை 5, இரவு 10.15

மூன்று நாளாக எழுத நேரமில்லை. ஓலன்ஸாபின் டாக்டரைக் கேட்டுத் தொடங்கினேன், அன்று ராத்திரி அம்மா ஆறு மணி நேரம் தூங்கினார். வயிறும் போனது. நேற்று ஆறின இட்லி இரண்டு, பீங்கான் தட்டில்.

அப்பாவிடம் ஒரு நீள நோட்டும் தெர்மாமீட்டரும் கொடுத்தேன். ரேஷன் கடையில் 31 வருடம் பில் எழுதின கை. வாங்கினதும் ஸ்கேல் எடுத்துக் கோடு போட்டுக் கட்டம் பிரித்துத் தலைப்பு எழுதிவிட்டார். இப்போது காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் தெர்மாமீட்டரோடு அம்மா பக்கத்தில் போய் நிற்கிறார். "உளுந்துக்கு எடை போடுத மாதிரி என்னையப் பாக்காக" என்று அம்மா சிரித்தார். பத்து நாளில் இதுதான் முதல் சிரிப்பு.

செம்பூர் மகள் · ஜூலை 7, இரவு 9.48

அவசரம். யாராவது இருக்கிறீர்களா? இன்று பத்தாம் நாள். சாயங்காலம் 99.2, இப்போது 101.1. அம்மா வெறும் சூடுதான் என்கிறார். வாயில் புண் இரண்டு நாளாக இருக்கிறதாம், எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிப் போனோம், வைரல் காய்ச்சல்தான், டோலோ போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே மழை கொட்டுகிறது, கீமோ ஆஸ்பத்திரி இருக்கிற பரேல் பக்கம் ரோட்டில் தண்ணீர் என்று சொல்கிறார்கள். காலை வரை பார்க்கலாமா?

டேகேர் சிஸ்டர் · ஜூலை 7, இரவு 9.51

பார்க்காதீர்கள். இப்போதே கிளம்புங்கள். கீமோ கொடுக்கிற ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்கு (அவசரப் பிரிவுக்கு) போங்கள், வழியிலேயே போன் பண்ணுங்கள். உள்ளே போனதும் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் இதுவாக இருக்க வேண்டும்: "கீமோ சாலூ ஹை, ஆஜ் தஸ்வா தின் ஹை, புகார் ஏக் ஸௌ ஏக்" (கீமோ நடக்கிறது, இன்று பத்தாம் நாள், காய்ச்சல் 101). காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

முலுண்ட் வாசி · ஜூலை 7, இரவு 9.54

ஹிந்த்மாதா பக்கம் போகவே போகாதீர்கள், அங்கே எப்போதும் முதலில் தேங்கும். சயான், கிங்ஸ் சர்க்கிளும் வேண்டாம். வடாலா போய் சிவ்ரி வழியாக பரேலுக்குள் நுழையுங்கள். ஆட்டோ சயானுக்கு அந்தப் பக்கம் வராது, டாக்ஸிதான். கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், நான் வண்டியை எடுக்கிறேன்.

செம்பூர் மகள் · ஜூலை 8, காலை 11.30

டாக்ஸி கிடைத்தது, சிவ்ரி வழியாகத்தான் போனோம், நன்றி அண்ணா. பத்தே முக்காலுக்கு உள்ளே. சிஸ்டர் சொன்ன வாக்கியத்தை அப்பா வண்டியில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தார், நான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஓடிப்போய் அதைச் சொன்னவர் அவர்தான். நேராகப் படுக்கை. ரத்தம் எடுத்தார்கள், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற்றிவிட்டார்கள். மொத்த வெள்ளை அணு 900, அதில் கிருமியை எதிர்க்கிற நியூட்ரோஃபில் என்ற வகை 210. இது 500க்குக் கீழே போனாலே ஆபத்து என்றார் டாக்டர். அப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். ஐந்து நாளாவது இருக்க வேண்டுமாம்.

காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். "வந்துவிட்டீர்கள், அதை ஏன் இப்போது" என்றார்.

90 அடி ரோடு · ஜூலை 8, இரவு 8.40

அக்கா, படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தாராவி. என் அப்பாவுக்குக் குடலில் கேன்சர், ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியும் கேப்சிடபின் மாத்திரையும். உங்கள் அம்மா வாய்ப்புண்ணை மறைத்தது போலத்தான் எங்கள் அப்பாவும். அவர் தோல் பை தைக்கிறவர், 38 வருடமாக அதே வேலை. ஆக்ஸாலிபிளாட்டின் எடுத்தால் குளிர்ச்சி ஆகாது. முதல் ஊசி முடிந்து வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் தண்ணீரைக் குடித்துவிட்டார், தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டது மாதிரி ஆகி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, ஆனால் அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மே மாத வெயிலிலும் வெந்நீர்தான், இரும்புக் கதவைத் தொட்டால்கூடக் கை ஷாக் அடித்தது போல் இருக்கும் என்பார்.

அது போகட்டும். அஞ்சாவது சைக்கிளில் ஊசியில் நூல் கோக்க அவரால் முடியவில்லை. விரல் மரத்துப்போய் எத்தனை வாரம் ஆனதோ, யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், மருந்து நின்றால் நோய் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். நான் தற்செயலாகப் பார்த்து டாக்டரிடம் சொன்னேன். ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் குறைத்தார், பிறகு நிறுத்தினார், மாத்திரை தொடர்ந்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார். ஒரு வருடம் ஆகிறது, பெரிய தையல் போடுகிறார், சின்ன வேலை இன்னும் முடியவில்லை.

அதனால் அக்கா, எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். நான் இப்போது அப்பாவிடம் சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பார்க்கிறேன்.

மாட்டுங்காக்காரன் · ஜூலை 8, இரவு 10.05

தம்பி, உன் கடைசி வரியை உங்கள் டாக்டரும் படிக்க வேண்டும்.

செம்பூர் மகளுக்கு: ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இரண்டு விஷயம் முடித்துவிடுங்கள். ரயில் சலுகைப் படிவத்தை டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கேன்சர் நோயாளி சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுச் சலுகை, கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம். சிகிச்சைக்காக தாதருக்கும் திருநெல்வேலிக்கும் இடையே எப்போதாவது போய்வர வேண்டியிருக்கும். இரண்டாவது, லோக்கல் ரயிலில் வரும்போது விகலாங் டப்பாவில் (மாற்றுத்திறனாளிகள் பெட்டி) ஏறலாம், கேன்சர் நோயாளிகளுக்கும் அதில் இடம் உண்டு. பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று யாராவது முறைப்பார்கள், ஆஸ்பத்திரிக் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி முதல் தடவை இறங்கிப் பெண்கள் பெட்டிக்கு ஓடினாள், அந்த நெரிசலில் அடிபட்டாள். அதற்குப் பிறகு நான் விடவில்லை.

செம்பூர் மகள் · ஜூலை 15, மாலை 5.30

12ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்று, பதினேழாம் நாள், தலை வாரும்போது சீப்பு நிறைய முடி. தலையணை முழுக்க முடி. அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி, இன்னும் பாதிக்கு மேல் கறுப்பு. நான் பார்லரிலிருந்து ஆளைக் கூப்பிடவா என்றேன். வேண்டாம் என்றார். அப்பாவிடம் ஷேவிங் டிரிம்மரைக் கொண்டுவரச் சொன்னார். பாத்ரூம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "திருச்செந்தூருக்கு நேந்தது ஒண்ணு பாக்கி இருக்குல்லா, அதுன்னு நெனச்சு எடுங்க" என்றார். அப்பாவுக்குக் கை நடுங்கியது, ஆனால் ஒரு கீறல்கூட விழாமல் எடுத்தார். முடியைப் பேப்பரில் சுற்றி அம்மா தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். போகலாமா சிஸ்டர்?

டேகேர் சிஸ்டர் · ஜூலை 15, இரவு 9.10

ரத்தம் பார்த்து எண்ணிக்கை ஏறியிருந்தால் போகலாம். கிருத்திகை, செவ்வாய்க்கிழமை, கூட்டமான நாள் வேண்டாம். காலையில் நடை திறந்ததும் போய் மாஸ்க் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தலையில் பருத்தித் துணி கட்டுங்கள், செயற்கைப் பட்டு உறுத்தும்.

இரண்டாவது கீமோ தள்ளிப்போகும் என்று நினைக்கிறேன். பயப்படாதீர்கள், காய்ச்சல் வந்தவர்களுக்கு அது வழக்கம்தான். அடுத்த தடவை கீமோவுக்கு மறுநாள், அதாவது 24 மணி நேரம் கழித்து, வெள்ளை அணுவை ஏற்றுகிற ஊசி கொடுப்பார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ஊசி, மருந்துக் கடையிலிருந்து ஐஸ் பேக்கோடு வாங்கி வந்து பிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வைத்துவிடாதீர்கள். அது போட்ட பிறகு இடுப்பு, முதுகெலும்பு எல்லாம் குடைந்து வலிக்கும். நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று நிறையப் பேர் அந்த ராத்திரி அழுவார்கள். எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது, அதுதான் வலி. என்ன வலி மாத்திரை போடலாம் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

டோம்பிவலி அக்கா · ஜூலை 16, காலை 6.20

அந்த முடியைப் பெட்டியில் வைத்தது சரிதான் கண்ணு. நானும் வைத்திருக்கிறேன். எனக்குத் திரும்ப வளர்ந்தபோது சுருட்டையாக வந்தது, என் பேத்திக்கு அது பிடித்திருந்தது.

செம்பூர் மகள் · செப்டம்பர் 28, இரவு 9.00

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். ஏசி நாலும் முடிந்துவிட்டது. ஜூலை 26, ஆகஸ்ட் 16, செப்டம்பர் 6. ஊசி போட்டதால் மறுபடி காய்ச்சல் வரவில்லை. எலும்பு வலி சிஸ்டர் சொன்ன மாதிரியே வந்தது, முன்னாலேயே தெரிந்ததால் தாங்கிக்கொண்டார். மூன்றாவது சைக்கிளில் ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததுமே வாந்தி எடுத்தார், மருந்து ஏறுவதற்கு முன்பே. டாக்டரிடம் சொன்னோம், முந்தின ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார், நாலாவதில் அந்த வாந்தி இல்லை.

நாலாம் ஐந்தாம் நாளுக்கு ஊரிலிருந்து சித்தி வந்துவிடுவார். அந்த இரண்டு நாளும் நான் ஆபீஸ் போய்விடுவேன். அம்மாவும் சித்தியும் பேசிக்கொண்டே இருப்பார்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வாய் உள்ளே போயிருக்கும். பதினைந்தாம் நாளுக்கு மேல் அம்மாவே அடுப்படிக்கு வந்து நின்று, நான் செய்வதில் குறை சொல்கிறார். புளி பத்தவில்லை என்றார் போன வாரம்.

கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் கையால் பார்த்துச் சொன்னார். நேற்று முதலாவது பாக்லிடாக்ஸல். மருந்து ஏறும்போது ஒவ்வாமை வரலாம் என்று முன்னால் டெக்ஸா போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்று சர்க்கரை 290. அம்மாவுக்கு இதுவரை எல்லைக்கோட்டில்தான் இருந்தது, மாத்திரை கிடையாது. இன்சுலின் வேண்டியிருக்குமா? அப்புறம் 90 அடி ரோடு தம்பி, அப்பா நோட்டில் இன்று புதுக் கட்டம் ஒன்று சேர்த்திருக்கிறார். தலைப்பு "பொத்தான்".

90 அடி ரோடு · செப்டம்பர் 28, இரவு 9.20

அக்கா, அம்மா சேலை கட்டுவார் இல்லையா, ரவிக்கை ஊக்கு மாட்டச் சொல்லிப் பாருங்கள், அது பொத்தானை விடச் சின்னது. கால் பற்றியும் கேளுங்கள், செருப்பு நழுவுவது தெரியாமல் நடக்கிறாரா என்று.

டேகேர் சிஸ்டர் · செப்டம்பர் 28, இரவு 10.05

டெக்ஸா போட்டால் சர்க்கரை ஏறும், ஒன்றிரண்டு நாளில் இறங்கலாம். ஆனால் இது பன்னிரண்டு வாரம், வாராவாரம் டெக்ஸா, அதனால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நாளைக் காலை வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்து எழுதி, எண்ணிக்கையோடு டேகேருக்கு போன் பண்ணுங்கள். மாத்திரையா இன்சுலினா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இன்று ராத்திரி மறுபடி பாருங்கள், 300க்கு மேல் போனாலோ, தாகமும் சோர்வும் அதிகமாக இருந்தாலோ காலை வரை வைத்திருக்க வேண்டாம். கஞ்சியில் வெல்லம் போடுகிறீர்களா?

செம்பூர் மகள் · செப்டம்பர் 28, இரவு 10.30

போடுகிறேன் சிஸ்டர். நாளையிலிருந்து மோரும் உப்பும்தான். இப்போது பார்த்தோம், 243. அப்பா எழுதிவிட்டார்.